எல்லாமே உயர்வுதானா?

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஆபீஸ் ஆங்கிலம் தாமதமாகத்தான் பிடிபட்டது. ஆனாலும் ஒரு விஷயத்தில் பிரெஞ்சு கைகொடுத்தது. 1802-இல் நெப்போலியன் ஏற்படுத்திய லெழியோன் தொனேர் விருதில் ஐந்து படிகள் உண்டு. முதல் படியான ஷெவாலியேவுக்கு ஒருவரை 'நியமிப்பார்கள்'. அடுத்த இரண்டுக்கு 'ப்ரொமு' என்பார்கள். கடைசி இரண்டுக்கு அந்தச் சொல் ஆகாது. 'எலவே' என்றுதான் எழுத வேண்டும்.

ஆங்கிலமும் அப்படித்தான். குமாஸ்தாவுக்குக் கிடைப்பது பிரமோஷன். வக்கீல் ஒருவர் உயர் நீதிமன்ற நீதிபதியானால் எலிவேஷன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே, அப்கிரேடேஷன், அதில்தான் குழப்பம். அங்கே ஆள் நகர்வதில்லை. உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் மதிப்பு மட்டும் கூடுகிறது.

நம் மாநில அரசில் ஒரே பதவியில் பத்து வருஷம் இருந்தால் தேர்வு நிலை, இருபது வருஷம் இருந்தால் சிறப்பு நிலை. வீட்டில் "பதவி உயர்வா?" என்று கேட்டு இனிப்பு வாங்குவார்கள். சம்பளம் ஏறியிருக்கும், மேஜை அதே மேஜை, ஃபைல் அதே ஃபைல்! இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. 2011-இல் ஒரு பி.எஸ்.என்.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. தேர்ந்தெடுக்கும் நடைமுறை இருந்தால் அது பிரமோஷன், இடஒதுக்கீடு உண்டு. தேர்வே இல்லாமல் சம்பள விகிதம் மட்டும் கூடினால் அப்கிரேடேஷன், இடஒதுக்கீடு இல்லை. ஒரு சொல்லில் எத்தனை பேர் பிழைப்பு அடங்கியிருக்கிறது, பாருங்கள்.

ஊர்களுக்கும் இதே கதைதான். 1866-இல் நகராட்சியான திருச்சி, 1994-இல் மாநகராட்சி ஆயிற்று. ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளை அதோடு சேர்த்தார்கள். 'தரம் உயர்வு' என்று எல்லோரும் சொன்னோம். திருச்சிக்கு அது பொருந்தும். ஸ்ரீரங்கத்துக்கு? தனி நகர்மன்றம், தனித் தலைவர் எல்லாம் போய், மாநகராட்சியின் ஒரு கோட்டமாக ஆனது. பெரிய மாநகராட்சியோடு சேர்ந்ததில் லாபம் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஆபீஸ் பாஷையில் சொன்னால், பக்கத்து நாற்காலிக்கு அப்கிரேடேஷன். நம் நாற்காலியைத் தூக்கி அதனோடு ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பெயர் இணைப்பு.

நல்ல வேளை, ரெவின்யூ கணக்கில் வட்டம் இன்றும் ஸ்ரீரங்கம் வட்டம்தான். சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர்.