சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே: நாமக்கல் வட்டாரத்தில் எச்.ஐ.வி. தடுப்பும் உரிமையும்

நாமக்கல் வட்டாரத்தின் எச்.ஐ.வி. வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் லாரியிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்த வாசிப்புக்கு முன்னோடி ஒய்.என். சிங், ஏ.என். மாளவியா இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பு. நெடுந்தூர ஓட்டுநர்கள் நோயைக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்க்கக்கூடும் என்று அவர்கள் ஐயத்தோடுதான் சொன்னார்கள். பின்வந்தோர் ஐயத்தைக் கழித்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டனர். சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் இருக்கும் புதுச்சத்திரத்துக்கு இது அச்சாகப் பொருந்துவதுபோல் தெரிகிறது. அதுவே இதன் ஆபத்து. இப்படி வாசித்தால் ஓட்டுநர் நோயைச் சுமந்து வருபவர், மனைவி அது வந்து இறங்கும் இடம். அத்தோடு கதை முடிந்துவிடும். கணவன் இறந்தபின் மாமியார் வீட்டில் அவள் நிலை என்ன, சொத்தில் பங்கு கேட்டாளா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. கர்ப்பிணிகளிடம் எடுக்கும் இரத்தப் பரிசோதனைக் கணக்கில் ஓர் எண்ணாக மட்டுமே அவள் தென்படுகிறாள்.

தடுப்பு, பிறகு மருந்து, கடைசியில் உரிமை என்று வரிசைப்படுத்துவதும் இதே வாசிப்பின் விளைவுதான். தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 1986இல் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். தொற்றைக் காரணம் காட்டிக் காவலில் வைக்கப்பட்ட பெண்களுக்காக ஷியாமளா நடராஜ் நீதிமன்றம் போனார். 1990இல் அவர்கள் விடுதலையானார்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி 1998இல் தொற்றுள்ள மற்ற பெண்களோடு சேர்ந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற சங்கத்தைத் தொடங்கினார். அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரலில்தான் வந்தது. ஆக, மாத்திரைக்கு ஆறு ஆண்டுகள் முன்பே சங்கம் வந்துவிட்டது. 1983இல் அமெரிக்காவின் டென்வரில் எய்ட்ஸ் நோயாளிகள் தம் உரிமைகளைக் கொள்கைகளாக அறிவித்தபோதும் மருந்து இல்லை.

இந்த வரலாற்றைச் சாலையிலிருந்து அல்ல, வீட்டிலிருந்து வாசிக்க வேண்டும் என்ற என் வாதத்துக்கு முக்கியச் சான்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தில் உள்ளது. அதன் 29ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்டவர் குடும்ப வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. யார் பாதுகாக்கப்பட்டவர்? தொற்றுள்ளவரும், அவரோடு வசிப்பவரும் மட்டுமல்லர். தொற்றோடு இருந்த ஒருவரோடு முன்பு வாழ்ந்தவரையும் வரையறை சேர்த்துக்கொள்கிறது. இறந்துபோன ஓட்டுநரின் மனைவி தனக்குத் தொற்று இல்லாவிட்டாலும் இதற்குள் வருகிறாள். நோய் எந்தச் சாலை வழியாக வந்தது என்று தேடுபவருக்கு இந்த வரையறை தேவையே இல்லை. வீட்டுப் படியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் புகாரைக் கேட்டவர்களுக்கே இது தேவைப்பட்டிருக்கும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை அப்படியே பெயர்த்து வைத்ததுதானே என்று மறுக்கலாம். பிரிவு அங்கிருந்து வந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமை பெண்ணுக்கு மட்டுமானது. இங்கே ஆணுக்கும் உண்டு, தொற்றே அதன் அடிப்படை. நாமக்கல் பெண்களின் குரல் இந்த வரிக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது என்று நிறுவ இது போதாது. அப்படிப்பட்ட குரல்கள் இல்லாமல் இது எழுதப்பட்டிருக்காது என்று கருத மட்டும் இடம் தருகிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது: தடுப்புதான் முதலில் பலன் தந்தது என்பது. தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் தொற்று 2000இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004இல் 1.1 ஆகக் குறைந்ததை 2006இல் லான்செட் இதழில் ராஜேஷ் குமார் குழுவினர் காட்டினார்கள். ஆணுறைப் பிரசாரத்தின் பலன் என்று இதைப் படிக்கலாம். பெரும்பாலும் இலவச மருந்துக்கு முந்தைய காலம் என்பதால் அந்த விளக்கத்துக்கு வலுவும் உண்டு. எனினும் அது சொல்வது புதிய தலைமுறையைப் பற்றி. ஏற்கெனவே தொற்றோடு வாழ்ந்த பெண்ணைப் பற்றி அல்ல. தொற்று இங்கே எப்போது வந்தது என்ற கேள்வியும் எஞ்சுகிறது. நாமக்கல் 1997 ஜனவரி வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்ததால், அதற்கு முந்தைய மாவட்டக் கணக்கு எதுவும் புதுச்சத்திரத்தைத் தனித்துக் காட்டாது. கௌசல்யா சங்கம் தொடங்கியதை வைத்துப் பார்த்தால், தொற்று இப்பகுதி வீடுகளுக்குள் வந்தது 1998க்கு முன் என்பது வரை உறுதி. ஆண்டைக் குறிக்கச் சான்று இடம் தரவில்லை.