பரீட்சையும் சமுதாயமும்: ஈழத்து உயர்கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

பல்கலைக்கழகப் பரீட்சையை அறிவின் நடுநிலையான அளவுகோலாகக் கொள்வது எம்மிடையே ஆழ வேரூன்றிய வழக்கமாகும். ஒரே வினாத்தாள், ஒரே கால அளவு. பரீட்சார்த்தியின் பெயர் மறைந்து சுட்டெண் மட்டும் எஞ்சுகின்றது. இத்தகைய ஏற்பாட்டில் வர்க்கமும் மொழியும் நுழைவதற்கு இடமேது என்ற வினா எழுதல் இயல்பே. ஆயின், அளவுகோலுக்கும் வரலாறு உண்டு. அதனை ஆக்கியோர் யாவர், எதனை அளப்பதற்காக ஆக்கினர், எம்மொழியில் அளந்தனர் என்பனவற்றை ஆராயாது பரீட்சையின் நீதியைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. ஈழத்தமிழரின் உயர்கல்வி வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ஆங்கிலப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை எழுத்துப் பரீட்சை மிகப் பழையதன்று. கேம்பிரிட்ஜில் இலத்தீன் மொழியில் நிகழ்ந்த வாய்மொழி வாதங்களின் இடத்தினைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அது படிப்படியாகக் கைப்பற்றிக்கொண்டது. 1854இல் வெளிவந்த நோர்த்கோட்-டிரெவெலியன் அறிக்கை, போட்டிப் பரீட்சை மூலம் பிரித்தானிய அரசாங்க சேவைக்கு ஆட்சேர்ப்பதை வற்புறுத்தியது. 1855 முதல் இந்திய சிவில் சேவைக்கும் அதுவே வாயிலாயிற்று. பிறப்பினாலும் சிபாரிசினாலும் கிடைத்துவந்த பதவிகளைத் திறமையின் பெயராற் கோரிய மத்தியதர வர்க்கத்தின் வெற்றி இதுவாகும். அவ்வகையிற் பரீட்சை முற்போக்கான பாத்திரமொன்றினை வகித்தது என்பதை மறுத்தலாகாது. ஆனால், அங்கு அளக்கப்பட்ட திறமை, கற்பதற்கு வேண்டிய ஓய்வும் பணமும் உடையோர் ஈட்டக்கூடிய திறமையே.

1836இற் பட்டயம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம், பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனமாகவே தொடங்கியது. 1858இன் புதிய பட்டயம், மருத்துவம் தவிர்ந்த பட்டங்களை, இணைக்கப்பட்ட கல்லூரிகளிற் பயிலாதோருக்கும் திறந்துவிட்டது. கற்பித்தலிலிருந்து பிரிந்துகொண்டமையாற் பரீட்சை கப்பலேறக்கூடிய பொருளாயிற்று. இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வந்து சேருமுன்னரே பல்கலைக்கழகப் பரீட்சை வந்து சேர்ந்தமையின் காரணம் இதுவே.

2

இலண்டனை முன்மாதிரியாகக் கொண்டு 1857இற் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. சென்னையின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்தவர். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர். ஆட்சியாளருக்கு வேண்டிய உத்தியோகத்தரைத் தெரிவதற்கென அமைந்த பரீட்சையே தாமோதரம்பிள்ளைக்கு உத்தியோகத்தையும் சமூக மதிப்பையும் அளித்தது. வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றை ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவரும் அவரே. பரீட்சைதான் அவரைப் பதிப்பாசிரியராக்கியது எனல் மிகை. எனினும், குடியேற்றவாதத்தின் கருவியொன்று அதன் நோக்கத்துக்கு அப்பாற்பட்ட விளைவுகளுக்கும் துணைபோனமை இயக்கவியல் நோக்கில் மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையில் 1880 முதல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் நடைபெற்றன. 1870இல் ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற பொன்னம்பலம் அருணாசலம், 1875இல் இலங்கைச் சிவில் சேவையிற் போட்டிப் பரீட்சை மூலம் நுழைந்த முதல் இலங்கையரானார். இந்நாட்டுக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இல் இயக்கம் தொடங்கியோருள் அவரும் ஒருவர். 1921இற் கிடைத்ததோ பட்டம் வழங்கும் அதிகாரமற்ற பல்கலைக்கழகக் கல்லூரியே. அதன் மாணவரும் இலண்டன் பரீட்சைகளுக்கே தோற்றினர். கொழும்பில் இருந்து கற்றவன் எதைக் கற்க வேண்டும் என்பதை இலண்டன் தீர்மானித்தது.

3

இதற்கு எதிர்வினையாகத் தமிழறிஞர் செய்தது யாது? 1901இல் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டிதப் பரீட்சைகளை நடத்தியது. 1920களில் யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் எனப் பரீட்சைகளை வகுத்துக்கொண்டது. குருவின் திண்ணையிலும் புலவர் அவையிலும் மதிப்பிடப்பட்டு வந்த புலமை, இப்பொழுது வினாத்தாளுக்கும் சான்றிதழுக்கும் உட்பட்டது. உள்ளடக்கம் மரபு சார்ந்தது. வடிவமோ ஆட்சியாளரிடமிருந்து பெற்றது. எனினும், திண்ணையின் வாயில் சாதியாற் காக்கப்பட்ட சமுதாயத்திற் பாடத்திட்டமும் சான்றிதழும் பகிரங்கமானமை சிறு மாற்றமன்று.

1916இல் மதுரைப் பண்டிதராகத் தேறிப் பின்னர் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர் சுவாமி விபுலாநந்தர். இரு பரீட்சை மரபுகளும் அவரிடம் ஒன்றுகூடின. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவர் அமர்ந்ததில் அவ்விணைவின் பயனைக் காண்கிறோம். ஆனால், பெரும்பான்மையோர் இரண்டில் ஒன்றையே பெற முடிந்தது. ஆங்கில ஆசிரியருக்கும் சுயமொழி ஆசிரியருக்கும் இடையே நிலவிய சம்பள வேறுபாடு, எவ்வறிவு விலை கூடியது என்பதை ஐயமறக் காட்டியது.

4

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் 1945இல் இலவசக் கல்வியும் தோன்றின. 1960இற் பேராதனைக் கலைப்பீடத்திற் சிங்களத்திலும் தமிழிலும் கற்கை தொடங்கியது. கிராமப்புறத்து உழைப்பாளரின் பிள்ளைகள் தம் தாய்மொழியிற் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதியமை இந்நாட்டு வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். ஆனால், மொழி மாறிய வேகத்தில் நூல்கள் பெருகவில்லை. ஆங்கில நூல்களை வாசிக்க இயலாத மாணவனுக்கு விரிவுரைக் குறிப்பே நூலாயிற்று; அதனை மனனஞ் செய்தலே ஆயத்தமாயிற்று. பொருளாதாரமோ பட்டதாரிகளை ஏற்கும் அளவுக்கு விரியவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிற் கற்ற இளைஞர் பெருமளவிற் பங்குகொண்டமையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

அதே ஆண்டில் மருத்துவபீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெற வேண்டியிருந்தது. இந்த 21 புள்ளி வேறுபாடு அப்பட்டமான இனப் பாகுபாடாகும். அதன் அரசியல் விளைவுகள் யாவரும் அறிந்தவை. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு சற்றுச் சிக்கலானது. யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் அது பாதித்தது. பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர் சிலருக்கு, தமிழரும் முஸ்லிம்களும் உட்பட, வழிதிறந்தது. எம்மவரின் கண்டனத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே கலந்து ஒலித்தன. அந்த விவாதத்தில், 1970கள் வரை அரசாங்கம் பொறுப்பேற்காத தோட்டப் பாடசாலையிற் பயின்று, பரீட்சை மண்டபத்தின் வாயிலையே காணாத மலையகத் தொழிலாளியின் பிள்ளையைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே.

5

2001 முதல் இசற் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. சூத்திரம் திருத்தமடைந்துள்ளது, ஆயத்தத்தின் சமமின்மை தொடர்கின்றது. இலவசக் கல்வி நாட்டிலே தனியார் வகுப்புகளுக்குக் கட்டணம் செலுத்தக்கூடியவனும் செலுத்த முடியாதவனும் ஒரே மண்டபத்தில் அமர்கின்றனர்.

பரீட்சையை ஒழித்துவிடுவது இதற்குப் பரிகாரமாகாது. இடங்கள் அரிதாக உள்ளவரை, அது வெளியேறிய கதவால் சிபாரிசு மீண்டும் உள்ளே வரும். புள்ளிகளுக்காகப் போராடும்பொழுதே பாடசாலைக்கும் நூலகத்துக்கும் தாய்மொழி நூல்களுக்கும் போராடுதல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருப்போருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. இன்று எமது வினாத்தாள்கள் இலண்டனிலிருந்து வருவனவல்ல; அவற்றை ஆக்குவோர் நாமே. குறிப்பை ஒப்புவிப்பதற்கான வினாக்களையே ஆண்டுதோறும் கேட்டுவிட்டு மாணவர் சிந்திப்பதில்லை எனக் குறைகூறுதல் நேர்மையாகாது.