ஹெரால்டுக்கு முதுகில் ஜன்னல் வைக்கலாமா?



நம் கீழ்த்தள பார்க்கிங்கில், லிஃப்டை ஒட்டிய தூணுக்குப் பக்கத்தில், உறை போர்த்திய பழைய கார் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் பந்து உருண்டு போனால் அதன் அடியில்தான் தேடுவார்கள். அது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்ற சங்கக் கூட்டம் முடிந்ததும் அதன் உரிமையாளர் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். "உள்ளே உட்கார்ந்தால் அடுப்பங்கரை மாதிரி இருக்கிறது சார். பின்பக்கத் தகரத்தை வெட்டி இரண்டு காற்றுத் துவாரம் வைத்துவிடலாமா? ஸ்போர்ட்ஸ் கார்களில் எல்லாம் இருக்கிறதே? டிங்கரிங் பட்டறையில் பேசிவிட்டேன்."

அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். வீட்டு ஜன்னலைப் பற்றியும் இதில் உண்டு.

சென்னையில் பிறந்த கார்

ஹெரால்டு நமக்கு அந்நியமான வண்டி அல்ல. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1971 வரை அதைத் தயாரித்தது. பம்பாயில் ஃபியட், கல்கத்தா பக்கம் அம்பாசடர் என்றிருந்த காலத்தில் மெட்ராஸ்காரர்களுக்கு ஹெரால்டு. மூல வடிவம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கேலொட்டி. நம் நாட்டுக் குடும்பங்களுக்காக நான்கு கதவு ஹெரால்டும் பின்னாளில் இங்கே வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று விற்கப்படவே இல்லை.

இதே ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி, அதன்மேல் 1962இல் டிரையம்ப் செய்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். அதன் பந்தய வண்டிகளுக்குச் சரிவான மூடுகூரை போட்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். 1966இல் அதே போன்ற கூரையும், இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினும் சேர்ந்து ஜிடி6 என்ற கார் வந்தது. ஆக, நம் பார்க்கிங்கில் நிற்கும் ஹெரால்டுக்கு அது உடன்பிறந்த தம்பி முறை.

தம்பி பட்ட பாடு

ஜிடி6 பார்க்க அழகு; உட்கார்ந்தால் புழுக்கம். முன்னால் பெரிய இன்ஜின், நடுவில் சூடேறும் கியர்பாக்ஸ், பின்னால் வெயிலை வாங்கும் அகன்ற கண்ணாடி. மேலே மூடிய கூரை. உள்ளே புகுந்த சூடு வெளியேற வழியில்லை. குளிர்நாடான இங்கிலாந்திலேயே இது குறையாகப் பேசப்பட்டது.

1968இல் வந்த இரண்டாம் பதிப்பில் தொழிற்சாலையே இதைத் திருத்தியது. முன்பக்கப் பலகையில் புதுக்காற்று வரும் வாய்கள் வைத்தார்கள். பக்கவாட்டுப் பின்கண்ணாடிகளுக்குப் பின்னால், இரு புறமும் காற்று வெளியேறும் துவாரங்கள் வைத்தார்கள். நம் நண்பர் கேட்பது ஏறக்குறைய இதைத்தான்.

இந்த யோசனையைப் பெருவாரியாகக் கொண்டுவந்தது ஒரு சாதாரணக் குடும்பக் கார். 1964 இறுதியில் ஃபோர்டு தன் கார்ட்டினாவில் 'ஏரோஃப்ளோ' என்ற ஏற்பாட்டைச் செய்தது. காற்று முன்பலகை வழியே நுழையும்; பின்தூண்களில் உள்ள துவாரம் வழியே வெளியேறும். கண்ணாடியை இறக்காமலே காற்று ஓடும்.

இதன் சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. வீட்டில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று வாசலில் நின்றுவிடும். எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்தால்தான் உள்ளே வரும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் தெருவாசலுக்கு நேரே கொல்லைவாசலும், நடுவில் முற்றமும் வைத்தது சும்மா அல்ல. காரிலும் அப்படியே. வண்டி ஓடும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் கூடும். பின்தூண் பக்கம் குறையும். அழுத்தம் கூடிய இடத்தில் வாசல், குறைந்த இடத்தில் கொல்லை. இடம் மாறி வைத்தால் புகையும் தூசியும்தான் உள்ளே வரும்.

எல்லாப் பின்துவாரமும் ஒன்றல்ல

ஸ்போர்ட்ஸ் கார்களின் முதுகில் தெரியும் துவாரங்களில் பல, பயணிகளுக்கானவை அல்ல; இன்ஜினுக்கானவை. 1966இல் வந்த லம்போர்கினி மியூராவுக்கு இன்ஜின் இருக்கைக்குப் பின்னால். ஆகவே பக்கவாட்டில் காற்றுவாய்கள். பின்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் பட்டைப் பட்டையான தட்டிகள். போர்ஷே 911க்கு இன்ஜின் கடைக்கோடியில். 1972இல் அதன் கரேரா ஆர்எஸ் வண்டிக்கு வைத்த வாத்துவால் போன்ற மடிப்பு, வேகத்தில் பின்பக்கம் தூக்காமல் பிடித்ததோடு இன்ஜினுக்குப் போகும் காற்றுக்கும் உதவியது.

இதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். டாடா நானோவின் பின்சக்கரத்துக்கு முன்னால் இருபுறமும் ஒரு காற்றுவாய் இருக்கும். அதற்கும் இன்ஜின் பின்னால். அதைவிட அருகில், நம் வாசலில் நிற்கும் ஆட்டோவின் முதுகைப் பாருங்கள். பஜாஜ் 1977இல் பின்-இன்ஜின் ஆட்டோவைக் கொண்டுவந்தது முதல் அந்தத் துவாரங்கள் நம் கண்ணுக்குப் பழகியவை. பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய தெருக்களில் ஆட்டோ ஊர்ந்து போகும். அந்த வேகத்தில் காற்று தானாக வந்து குளிர்விக்காது. அதனால்தான் இப்படிப்பட்ட இன்ஜின்களுக்குக் காற்றை விசிறியால் தள்ளுகிறார்கள்.

நண்பரின் ஹெரால்டுக்கு இன்ஜின் முன்னால். பின்தகரத்தை வெட்டுவதால் இன்ஜினுக்கு ஒரு பயனும் இல்லை. பயணிகளுக்குப் பயன் உண்டு, ஆனால் வண்டி ஓரளவு வேகமாக ஓடினால் மட்டும். தேரடித் தெரு நெரிசலில் அந்தத் துவாரம் வெறும் ஓட்டைதான். கம்பி வலை இல்லாவிட்டால் நம் பார்க்கிங் எலிகளுக்கு அது தலைவாசல். மழைநீர் வடியும் வழி இல்லாவிட்டால் துருவுக்கும் அதுவே வாசல்.

வெட்டினால் இழப்பது

இங்கேதான் நண்பரிடம் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். மத்திய அரசு 2021 ஜூலையில் பழமையான வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோக இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். ஆனால் வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டம், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. அவர் வண்டி வயதில் தேறிவிட்டது. தகரத்தை வெட்டினால் வடிவத்தில் தேறுமா என்பது கேள்விக்குறி. மேலும், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். வண்டலூர் ஆலையிலிருந்து ஹெரால்டு வருவது நின்று அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. வெட்டிய தகரத்தை ஒட்டலாம். பழைய தகரமாக ஆக்க முடியாது.

திருப்பி எடுக்கக்கூடிய வழிகள் இருக்கின்றன. இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள தடுப்பில் வயர்கள் நுழையும் ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம் போடலாம். கியர்பாக்ஸ் மூடியின் ஓரங்களை நன்றாக அடைக்கலாம். தரைவிரிப்புக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு போடலாம். முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்து, பின்கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் ஏரோஃப்ளோ தயார், செலவு பூஜ்யம்.

நண்பர் பட்டறைக்குப் போன் செய்து வெட்டும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். முதலில் ரப்பர் வளையம், பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். வண்டி ஓடத் தொடங்கியதும் குழந்தைகளை ஒரு சுற்று அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அதுவரை பந்து உருண்டு போனால், உறையை இழுக்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.