செக்-இன் பண்ணின பெட்டியை ஏர்போர்ட்டில் திறப்பது யார், எதற்காக? மதுரை பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரையில் இருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிறவர்களின் பெட்டியில் துணிமணியைவிட சாப்பாட்டுச் சாமான்தான் அதிகம் இருக்கும். ஊறுகாய், அல்வா, கடலை மிட்டாய், பருப்புப் பொடி. கூடவே, 'அங்க இருக்கிற என் மகன்கிட்ட குடுத்திருங்க' என்று பக்கத்து வீட்டுக்காரர் திணித்த ஒரு பார்சல்.

கவுன்ட்டரில் எடை போட்டு, டேக் ஒட்டி, பெட்டி பெல்ட்டில் நகர்ந்ததும் 'அப்பாடா' என்று இருக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்? அந்தப் பெட்டி கண்ணில் இருந்து மறைந்த பிறகு என்னதான் நடக்கிறது?

ஏன் இவ்வளவு கெடுபிடி?

இதற்கான பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2, இரவு நேரம். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்குப் பெட்டிகளைக் கொடுத்த ஒரு பயணி, விமானத்தில் ஏறவே இல்லை. ஆள் வராததால் அந்தப் பெட்டிகள் விமான நிலையத்திலேயே தங்கின. உள்ளே இருந்த குண்டு வெடித்ததில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இலங்கையைச் சேர்ந்தவர்கள்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1985 ஜூன் 23 அன்று, கனடாவில் இருந்து வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்து அருகே நடுவானில் வெடித்துச் சிதறியது. 329 பேர் பலி. அங்கேயும் அதே கதைதான்: பெட்டி ஏறியது, பயணி ஏறவில்லை. டொரண்டோவில் பெட்டிகளைப் பார்க்க வேண்டிய எக்ஸ்ரே கருவி அன்றைக்குப் பழுதாகிவிட்டது.

இதன் பிறகுதான் 'பயணி இல்லாமல் பெட்டி இல்லை' என்ற விதி உலகம் முழுக்க இறுகியது. இந்தியாவில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், அதாவது பிசிஏஎஸ், 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையானது. போர்டிங் பாஸ் வாங்கிய ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால், அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிய பிறகே விமானம் கிளம்பும். 'ஒருத்தருக்காக எல்லாரையும் காக்க வைக்கிறாங்களே' என்று சலித்துக்கொள்ளும் அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறுதான்.

சோதிப்பது யார்?

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. விமான நிலையத்தில் மூன்று தரப்பு இருக்கிறது.

* உங்களையும் கைப்பையையும் சோதிப்பது சிஐஎஸ்எஃப் எனப்படும் மத்திய தொழில் பாதுகாப்புப் படை.
* செக்-இன் பெட்டியை எக்ஸ்ரேயில் பார்ப்பது, விமான நிறுவனம் அல்லது விமான நிலைய நிர்வாகத்தின் சார்பில் பணிபுரியும், பிசிஏஎஸ் சான்று பெற்ற ஸ்கிரீனர்கள்.
* தங்கம், வரி கட்ட வேண்டிய பொருட்கள், கடத்தல் ஆகியவற்றைப் பார்ப்பது சுங்கத்துறை, அதாவது கஸ்டம்ஸ்.

முதல் இரண்டு தரப்பின் கேள்வி, 'இதனால் விமானத்துக்கு ஆபத்தா?' என்பது. கஸ்டம்ஸின் கேள்வி, 'இதை நாட்டுக்குள்ளே கொண்டுவரவோ வெளியே கொண்டுபோகவோ சட்டம் அனுமதிக்கிறதா?' என்பது. ஒன்றில் பாஸ் ஆனால் மற்றொன்றிலும் பாஸ் என்று அர்த்தம் இல்லை.

அல்வா ஏன் சந்தேகத்தைக் கிளப்புகிறது?

எக்ஸ்ரே திரையில் உங்கள் அல்வா அல்வாவாகத் தெரியாது. உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் போன்றவை ஆரஞ்சு நிறத்திலும், உலோகங்கள் நீல நிறத்திலும், இரண்டுக்கும் நடுவில் உள்ளவை பச்சையிலும் தெரியும். வெடிபொருட்களில் பலவும் அடர்த்தியான ஆரஞ்சாகத்தான் வரும். அதனால் கட்டியாக இறுக்கிப் பேக் செய்த இனிப்பு, சாக்லேட், சோப்புக் கட்டிகளை இயந்திரம் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்கச் சொல்லும். பக்கத்திலேயே சார்ஜரும் ஒயரும் சுருண்டு கிடந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

சில விமான நிலையங்களில் கவுன்ட்டருக்குப் போகும் முன்பே பெட்டியை எக்ஸ்ரேயில் விடுவார்கள். சில இடங்களில் கவுன்ட்டரில் கொடுத்த பிறகு, பெல்ட் போகும் வழியிலேயே சோதனை நடக்கும். இயந்திரம் சந்தேகப்பட்டால் படத்தை ஊழியர் பார்ப்பார். அவருக்கும் தெளிவாகவில்லை என்றால் பெட்டி தனியே ஒதுக்கப்படும்.

பெட்டியைத் திறப்பது எப்படி?

இந்தியாவில் பொதுவாகப் பயணியை அழைத்து, அவர் முன்னிலையில் திறப்பதுதான் நடைமுறை. மைக்கில் பெயர் வந்தால் பதற வேண்டாம். ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். நீங்கள் போகாவிட்டால், சந்தேகம் தீராத அந்தப் பெட்டி விமானத்தில் ஏறாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பயணி இல்லாமலேயே பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். சோதித்ததாக ஒரு துண்டுச் சீட்டை உள்ளே வைப்பார்கள். பூட்டு தடையாக இருந்தால் உடைக்கவும் செய்யலாம்.

எவை செக்-இன் பெட்டியில் போகக் கூடாது?

* பவர் பேங்க்: கைப்பையில் மட்டும்தான். லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் கேபினில் யாராவது பார்த்துவிடுவார்கள். சரக்கு அறையில் பார்க்க ஆள் இல்லை. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவில் தரையில் நின்ற ஏர் பூசான் விமானத்தில், தலைக்கு மேல் பை வைக்கும் இடத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினர். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் சுமார் 74 வாட்-அவர்.
* லைட்டர், தீப்பெட்டி: இரண்டு பைகளிலும் கூடாது.
* பட்டாசு, கம்பி மத்தாப்பு, பொட்டு வெடி: சிவகாசி பக்கத்தில் இருக்கிறது என்பதால் விதி மாறாது.
* சூடம், கொப்பரை: இரண்டும் எளிதில் தீப்பற்றும் பொருட்கள். சபரிமலை பக்தர்களுக்காக, இருமுடியில் உள்ள தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக 2024 அக்டோபரில் சலுகை தரப்பட்டது. அதுவும் 2025 ஜனவரி 20 வரை என்று காலக்கெடுவோடுதான்.

'ஒரு சின்ன பொருளால என்ன ஆகிடப் போகுது' என்பவர்கள், 2023 ஆகஸ்ட் 26-ஐ நினைத்துப் பார்க்கலாம். அன்று அதிகாலை மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். ரயிலில் இருந்தாவது கீழே குதிக்க முடியும். நடுவானில் அதற்கு வழி இல்லை.

பக்கத்து வீட்டுப் பார்சல்

'பெட்டியை நீங்களே பேக் பண்ணீங்களா? யாராவது ஏதாவது குடுத்து விட்டாங்களா?' என்று கவுன்ட்டரில் கேட்பது சம்பிரதாயம் இல்லை. டேக்கில் யார் பெயரோ, உள்ளே இருப்பதற்கு அவர்தான் பொறுப்பு. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, பொருள் யார் வசம் இருந்ததோ அவர் மீதே முதலில் சந்தேகம் விழும். 'எனக்குத் தெரியாது' என்பதை நிரூபிக்க வேண்டியதும் அவர்தான்.

வெளிநாட்டுச் சட்டமும் கவனிக்க வேண்டியது. கசகசா நமக்குக் குருமாவில் அரைக்கிற சாமான். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். சிறைக்கே போக நேரிடலாம். கோடீன், டிராமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் அங்கே முன் அனுமதி வேண்டும். டாக்டர் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

அதனால் பார்சலை வாங்கும்போதே, கொடுப்பவர் முன்னால் பிரித்துப் பாருங்கள். முகத்தாட்சண்யம் பார்த்து வாங்கி வைத்துவிட்டு, கண் காணாத ஊரில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பிரிக்க வேண்டாம் என்று சொன்னால், வாங்க வேண்டாம்.

பெட்டி உடைந்திருந்தால், வராவிட்டால்?

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே, விமான நிறுவனத்தின் பேக்கேஜ் கவுன்ட்டரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். சர்வதேசப் பயணம் என்றால் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதம் பற்றிய புகாரைப் பெட்டி கிடைத்த 7 நாட்களுக்குள் தர வேண்டும். தாமதமாக வந்த பெட்டி என்றால், கைக்குக் கிடைத்ததில் இருந்து 21 நாட்கள். வர வேண்டிய தேதியில் இருந்து 21 நாட்கள் கடந்தும் வராவிட்டால், தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம்.

நகை, பணம், பாஸ்போர்ட், தினமும் போடும் மாத்திரை ஆகியவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியைப் பூட்டும் முன் செல்போனில் உள்ளே ஒரு போட்டோ, வெளியே ஒரு போட்டோ. டேக் ரசீதை போர்டிங் பாஸோடு சேர்த்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.