தந்திக் கம்பிக்கு உடையவர் யார்?

புதிய கருவியைக் கண்டுபிடித்தவரின் பெயரைப் பாடநூல்கள் நமக்குக் கற்றுத் தருகின்றன. தந்தி என்றால் மோர்ஸ், தொலைபேசி என்றால் பெல் என்று மாணவர்கள் உடனே விடை கூறுவர். ஆனால் அக்கருவி நாடெங்கும் பரவிய பின்னர் யாருடைய கைக்குப் போயிற்று, அவர் அதனைக் கொண்டு என்ன செய்தார், மக்கள் அவரை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பன பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை.

இன்று இக்கேள்விகள் மிகவும் முக்கியமாகிவிட்டன. உலக மக்கள் செய்தி அனுப்பும் வழிகளும், செய்தி அறியும் வழிகளும் ஒரு சில தொழில்நுட்பக் கோடீசுவரர்களின் உடைமையாகிவிட்டன. இது வரலாறு காணாத புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்னரே இதே சிக்கலைச் சந்தித்தன. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

அரசு வாங்க மறுத்த கருவி

சாமுவேல் மோர்ஸ் தம் தந்தியைச் சோதித்துக் காட்டுவதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் 1843ஆம் ஆண்டில் 30,000 டாலர் வழங்கியது. மக்களின் வரிப்பணத்தில்தான் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே முதல் கம்பி இழுக்கப்பட்டது. 1844 மே 24ஆம் நாள் அக்கம்பியின் வழியே செய்தி சென்றது. ஒரு செய்தி குதிரையைவிடவும் ரயிலைவிடவும் விரைவாகச் செல்ல முடியும் என்பதை மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

மோர்ஸ் தம் உரிமைகள் அனைத்தையும் ஒரு லட்சம் டாலருக்கு அரசுக்கே தருவதாகக் கூறினார். அஞ்சல் துறையின் தலைவராக இருந்த கேவ் ஜான்சன் அதனை ஆதரித்தார். நன்மைக்கும் தீமைக்கும் இவ்வளவு ஆற்றல் கொண்ட கருவியைச் சட்டத்துக்கு உட்படாத தனியார் கையில் விட்டுவைப்பது ஆபத்து என்பது அவர் கருத்து. ஆனால் முதல் கம்பியின் வருமானம் செலவுக்கே போதவில்லை. காங்கிரஸ் உரிமையை வாங்க மறுத்துவிட்டது. 1847இல் அந்தக் கம்பியும் தனியார் வசம் போய்ச் சேர்ந்தது.

பல கம்பெனிகள் ஒன்றானது ஏன்?

தொடக்கத்தில் சிறு கம்பெனிகள் பல தோன்றிப் போட்டியிட்டன. ஆனால் தந்தித் தொழிலுக்கு ஓர் இயல்பு உண்டு. அதனை எளிய கணக்கால் விளக்கலாம்.

ஒரு கம்பெனி 10 ஊர்களை இணைக்கிறது என்று கொள்வோம். அவற்றுள் எந்த இரண்டு ஊர்களும் செய்தி பரிமாறிக்கொள்ளலாம். அத்தகைய இணைகள் 45 உண்டு. மற்றொரு கம்பெனி 20 ஊர்களை இணைக்கிறது. ஊர்கள் இரு மடங்குதான். ஆனால் இணைகள் 190. அதாவது நான்கு மடங்குக்கும் அதிகம். வணிகர் எந்தக் கம்பெனியை நாடுவார்? 20 ஊர்களை இணைத்த கம்பெனியைத்தான். ஆகவே பெரியது மேலும் பெரிதாகிறது. சிறியது தன்னை விற்றுவிட நேர்கிறது. இணையதள நிறுவனங்களின் வளர்ச்சிக்கும் இதே கணக்குதான் அடிப்படை.

இவ்வாறு வளர்ந்தது வெஸ்டர்ன் யூனியன் என்னும் கம்பெனி. 1861இல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் தந்தித் தொடர்பு அதன் முயற்சியால் ஏற்பட்டது. 1866இல் அது தன் இரு பெரும் போட்டிக் கம்பெனிகளையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. நாடு முழுவதையும் அளாவிய முதல் தொழில் ஏகபோகம் அமெரிக்காவில் இவ்வாறு பிறந்தது.

செய்தித்தாளும் தந்திக் கம்பியும்

அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனத்தோடு வெஸ்டர்ன் யூனியன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. செய்தி நிறுவனத்துக்குச் சலுகைக் கட்டணம் கிடைத்தது. அதற்கு ஈடாக, போட்டித் தந்திக் கம்பெனிகளுக்கு அது ஆதரவு தரக் கூடாது. தந்தி இல்லாமல் வெளியூர்ச் செய்தி இல்லை. வெளியூர்ச் செய்தி இல்லாமல் நாளிதழ் இல்லை. ஆகவே கம்பி ஒருவர் கையிலும், செய்தி அவருடைய கூட்டாளி கையிலும் இருந்தன.

இதன் விளைவு 1876ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் தெரிந்தது. முடிவு பல மாதங்கள் இழுபறியாக இருந்தது. இறுதியில் 185க்கு 184 என்னும் ஒரே தேர்வாளர் வாக்கு வேறுபாட்டில் ரூதர்போர்டு ஹேய்ஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டார். அசோசியேட்டட் பிரஸ்ஸின் மேற்குப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் ஹென்றி ஸ்மித் ஹேய்ஸின் நெருங்கிய நண்பர். எதிர்க்கட்சியினர் அனுப்பிய தந்திகளின் செய்தி ஹேய்ஸின் கட்சியினருக்கு எட்டியது என்ற குற்றச்சாட்டு அக்காலத்தில் எழுந்தது.

ஜே கூல்டின் கைக்கு வந்தது

வெஸ்டர்ன் யூனியனின் மீது கண் வைத்தவர் ஜே கூல்ட் என்னும் பங்குச்சந்தைச் சூதர். 1869இல் நியூயார்க் நகரில் தங்கத்தை வாங்கிக் குவித்து அதன் விலையைச் செயற்கையாக உயர்த்த முயன்றவர் அவர். ரயில் பாதைகள் பல அவர் வசம் இருந்தன.

ரயில் பாதைக்கும் தந்திக்கும் என்ன தொடர்பு? தந்திக் கம்பங்களை ரயில் பாதையின் ஓரத்தில் நடுவதுதான் எளிது. நிலம் தனியே தேட வேண்டியதில்லை. பழுது பார்ப்பதும் சுலபம். எனவே ரயில் பாதைக்கு உடையவர் தந்திக்கும் வழி திறக்கலாம். வழி அடைக்கவும் செய்யலாம். கூல்ட் தம் ரயில் பாதைகளின் ஓரமாகப் போட்டித் தந்திக் கம்பெனிகளை வளர்த்தார். தாமஸ் எடிசன் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் நான்கு செய்திகளை அனுப்பும் முறையைக் கண்டபோது, அதன் உரிமையை 30,000 டாலர் கொடுத்து வாங்கினார். அது தனக்கே உரியது என்று வெஸ்டர்ன் யூனியன் வழக்காடியது. போட்டியால் வெஸ்டர்ன் யூனியனின் பங்கு விலை சரிந்தது. சரிந்த பங்குகளை அவர் வாங்கிச் சேர்த்தார். 1881இல் கம்பெனி அவருடைய ஆதிக்கத்துக்குள் வந்தது.

அப்போது 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் நாளிதழும் அவருடைய உடைமையாக இருந்தது. ரயில், தந்தி, நாளிதழ் ஆகிய மூன்றும் ஒரு மனிதரின் கையில் சேர்ந்தன. பங்குச்சந்தையில் சூதாடும் ஒருவர், நாட்டின் வணிகத் தந்திகள் அனைத்தும் செல்லும் கம்பிகளுக்கு உடையவரானால் வணிகர் அஞ்சுவது இயல்புதானே?

தந்தி ஊழியரும் அவருடைய வலிமையை உணர்ந்தனர். 1883 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எட்டு மணி நேர வேலை, 15 சதவீத ஊதிய உயர்வு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பன அவர்களின் கோரிக்கைகள். வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்குள் தோற்றது. வேறு தந்திக் கம்பெனிக்குப் போய்ப் பிழைக்கலாம் என்றால், குறிப்பிடத்தக்க வேறு கம்பெனி இல்லை.

1884: மக்கள் தெருவுக்கு வந்தனர்

1884 நவம்பர் 4ஆம் நாள் மீண்டும் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. ஜேம்ஸ் பிளெய்னும் குரோவர் கிளீவ்லண்டும் போட்டியிட்டனர். நியூயார்க் மாநிலத்தில் வென்றவரே நாட்டின் தலைவர் என்ற நிலை ஏற்பட்டது. அங்கே 11 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பதிவாகியிருந்தன. வெற்றி தோல்வியோ சுமார் ஆயிரம் வாக்குகளில் ஊசலாடியது. முடிவுகள் தந்தி மூலம் மெல்ல மெல்ல வந்தன. அசோசியேட்டட் பிரஸ் பிளெய்ன் முன்னணியில் இருப்பதாகக் கூறிக்கொண்டிருந்தது. கூல்ட் பிளெய்னின் ஆதரவாளர் என்பது ஊரறிந்த செய்தி.

முடிவுகளைத் தாமதப்படுத்தி, இடையில் எண்ணிக்கையை மாற்றச் சதி நடக்கிறது என்று மக்கள் ஐயுற்றனர். சினங்கொண்ட கூட்டம் நியூயார்க்கிலுள்ள வெஸ்டர்ன் யூனியன் கட்டடத்தை நோக்கிச் சென்றது. கூல்டைத் தூக்கிலிட வேண்டும் என்று முழங்கியது. இறுதியில் கிளீவ்லண்டே வென்றார். கூல்ட் அவருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

சதி மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கூல்ட் குற்றவாளி என்று மெய்ப்பிக்கவும் மக்களிடம் வழியில்லை. குற்றமற்றவர் என்று தெளியவும் வழியில்லை. எந்தத் தந்தி எப்போது வந்தது என்னும் கணக்கு கம்பெனியிடமே இருந்தது. அதனைக் கேட்கவும் பார்க்கவும் உரிமையுள்ள பொது அமைப்பு எதுவும் அன்று இல்லை. ஒரு நாட்டின் தேர்தல் முடிவை மக்கள் நம்புவதா இல்லையா என்பது ஒரு தனி மனிதரின் நற்குணத்தைச் சார்ந்திருந்தது.

சட்டம் வந்த வழி

பிரிட்டன் வேறு வழியை மேற்கொண்டது. 1868இல் சட்டம் இயற்றி, 1870இல் தனியார் தந்திக் கம்பெனிகளை அஞ்சல் துறையோடு இணைத்தது. நாட்டுக்குள் எந்த ஊருக்கும் 20 சொற்களுக்கு ஒரு ஷில்லிங் என ஒரே கட்டணம் வந்தது.

அமெரிக்காவிலும் தந்தியை அரசு வாங்க வேண்டும் என்று மசோதாக்கள் பல வந்தன, ஒன்றும் நிறைவேறவில்லை. இதற்காக முன்னின்று பாடுபட்டவர் கார்டினர் ஹப்பர்ட் என்னும் வழக்கறிஞர். அவருடைய மகளைத்தான் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் மணந்தார். தந்தி ஏகபோகத்தை எதிர்த்த ஹப்பர்டே 1877இல் பெல் தொலைபேசிக் கம்பெனியை நிறுவினார். அதிலிருந்து வளர்ந்த ஏ.டி. அண்டு டி. கம்பெனி 1909இல் வெஸ்டர்ன் யூனியனையே தன் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்தது! ஓர் ஏகபோகத்தின் எதிரி நல்லெண்ணம் உடையவராயினும், அவர் தொடங்கும் தொழில் மற்றோர் ஏகபோகமாக வளரக்கூடும்.

1910இல்தான் மாற்றம் தொடங்கியது. தந்தியும் தொலைபேசியும் பொதுச் சுமையாளர்கள் என்று சட்டம் அறிவித்தது. கூலி கொடுக்கும் எவருடைய மூட்டையையும் பாகுபாடின்றி ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டிக்காரரைப் போன்றவை அவை என்பது இதன் பொருள். கட்டணம் நியாயமானதா என்று பார்க்கும் பொறுப்பு ஓர் அரசு ஆணையத்துக்குத் தரப்பட்டது. 1913இல் அரசின் வற்புறுத்தலால் ஏ.டி. அண்டு டி., வெஸ்டர்ன் யூனியனைக் கைவிட ஒப்புக்கொண்டது. 1945இல், தன் உறுப்பினருக்குப் போட்டியாக உள்ள நாளிதழ்களை ஒதுக்கிவைக்கும் அசோசியேட்டட் பிரஸ்ஸின் விதிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956இல் டிரான்சிஸ்டர் உள்ளிட்ட தன் காப்புரிமைகளைப் பிறருக்குத் திறந்துவிட ஏ.டி. அண்டு டி. இணங்கியது. 1984 ஜனவரி முதல் நாள் அக்கம்பெனியே பிரிக்கப்பட்டது.

அரசின் கையில் இருந்தால் மட்டும் போதுமா? நம் நாட்டின் அனுபவம் இதற்கு விடை கூறும். இந்தியாவில் தந்தி தொடக்கத்திலிருந்தே ஆட்சியாளர் வசம் இருந்தது. 1857இல் ஆங்கிலேயர் தம் படைகளை இயக்க அதனைப் பயன்படுத்தினர். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், நெருக்கடிக் காலத்தில் மக்களின் செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. ஆகவே உடைமையாளர் தனியாரா அரசா என்பதோடு கேள்வி முடிவதில்லை. உடைமையாளர் மக்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரா என்பதே அடிப்படைக் கேள்வி.

இன்றைய நிலை

கூல்டின் காலத்தோடு நம் காலத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம். அமேசான் நிறுவனர் ஜெப் பெசோஸ் 2013இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழை 25 கோடி டாலருக்கு வாங்கினார். எலான் மஸ்க் 2022இல் டுவிட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். 2024ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் அவர் 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். அவருடைய ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2019 மே மாதத்தில் முதல் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் ஏவியது. சில ஆண்டுகளிலேயே, பூமியைச் சுற்றி இயங்கும் செயற்கைக்கோள்களில் பாதிக்கு மேற்பட்டவை அவருடையவை ஆயின.

2022இல் ரஷ்யப் படையெடுப்புக்குப்பின் உக்ரைன் தன் தகவல் தொடர்புக்கு இவற்றைப் பெரிதும் நம்பியது. கிரிமியாவிலுள்ள செவஸ்டபோல் வரை இச்சேவையை இயக்குமாறு வந்த வேண்டுகோளைத் தாம் மறுத்ததாக 2023இல் மஸ்க்கே தெரிவித்தார். போரைப் பெரிதாக்கத் தாம் உடந்தையாக விரும்பவில்லை என்பது அவர் கூறிய காரணம். அக்காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் போரில் ஒரு நாட்டின் தகவல் தொடர்பு எதுவரை செல்லலாம் என்பதை, எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் முடிவு செய்தார்.

இரண்டு வேறுபாடுகளையும் கவனிக்க வேண்டும். தந்திக் கம்பெனி செய்தியைச் சுமந்து சென்றது. யாருக்கு எழுதப்பட்டதோ அவரிடம் சேர்த்தது. இன்றைய சமூக ஊடகமோ கோடிக்கணக்கான செய்திகளுள் எதனை யார் கண்ணில் முதலில் காட்டுவது என்றும் முடிவு செய்கிறது. அம்முடிவை எடுக்கும் கணிப்பொறி விதிகள் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டாவதாக, தந்திக் கம்பம் ஒரு நாட்டின் மண்ணில், அந்நாட்டின் சட்டத்துக்குக் கீழ் நின்றது. செயற்கைக்கோளோ எல்லா நாடுகளின் மேலும் பறக்கிறது.

சட்டம் மெல்ல விழித்துக்கொள்கிறது. பெரும் இணைய நிறுவனங்களின் கடமைகளை வரையறுக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றியது. இணையத் தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

முதல் தந்தி 1844இல் சென்றது. தந்திக் கம்பெனி அனைவருக்கும் பொதுவாக நடந்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் 1910இல் வந்தது. இடையில் கழிந்தவை 66 ஆண்டுகள். கம்பி இழுக்க வேண்டிய அறிவு ஒரு சிலரிடம் இருந்தால் போதும். அக்கம்பி யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதிக்கும் அறிவு நாட்டு மக்கள் எல்லாரிடமும் வளர வேண்டும். அறிவியல் பயிலும் மாணவர்கள் ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று கற்கும்போதே, அதன் கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்றும் கேட்கப் பழகுவார்களாயின், அடுத்த 66 ஆண்டுகள் காத்திருக்க நேராது.