மலைமுகட்டில் ஒரு கோட்டம்

வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில் உழைக்கும் தமிழ் மக்களுக்குச் சித்திரை முழுநிலா நாள் தனிச் சிறப்புடையது. அன்று குமுளி சென்று, காட்டுவழியே ஜீப்பில் ஏறி, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1337 மீட்டர் உயரத்திலுள்ள மங்கலதேவி கோயிலை அடைவர். கம்பம் பள்ளத்தாக்கினர் பளியன்குடி வழியே நடந்து ஏறுவர். ஆண்டில் அவ்வொரு நாளே மக்கள் வழிபாட்டுக்கு உரியது.

சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்து கண்ணகிக்குக் கோட்டம் எடுத்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். அக்கோட்டம் இதுவே என்பது தமிழறிஞர் பலரின் துணிபு. ஆயினும் இன்று நாம் காணும் கட்டடம் பாண்டியர் பாணியில் அமைந்தது. பழைய இடத்தில் பின்னோர் புதிதாகக் கட்டுதல் நம் நாட்டில் வழக்கமே.

சாந்தின்றிக் கல்மேல் கல்லடுக்கிய வேலை அது. கல்லின் எடையே கட்டடத்தைப் பிணிக்கின்றது. மழைநீர் அடிமண்ணை அரித்தால் ஒரு கல் அசையும். அதன் சுமை அடுத்த கல்லின்மேல் விழும். இடுக்கில் வேர் புகுந்தாலோ, சுவரே பிளக்கும். இவ்வாறு சரிந்த பகுதிகள் அங்கே பலவுண்டு. சிமெண்டு பூசி இடுக்குகளை அடைப்பது எளிது. ஆனால் உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றிப் போகும். பின்னர் கல்லைச் சிதைக்காமல் பிரிக்கவும் இயலாது. ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, படம் வரைந்து, பிரித்தெடுத்து, அடித்தளத்தை உறுதி செய்து, மீண்டும் அதனதன் இடத்தில் வைப்பதே முறை. அதற்கு மாதக்கணக்கில் மலைமேல் தங்க வேண்டும். 1978 முதல் அப்பகுதி பெரியாறு புலிகள் காப்பகம். பளுதூக்கிகளுக்கு அங்கு வழியேது?

இவற்றினும் பெரிய தடை எல்லை. 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. கோயில் எப்பக்கத்தது என்பதில் இரு மாநிலங்களும் மாறுபடுகின்றன. விழா நாளில் இரு மாவட்ட ஆட்சியினரும் கூடி ஏற்பாடு செய்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

கம்போடிய, தாய்லாந்து எல்லை மலையிலுள்ள பிரே விகார் சிவன் கோயிலுக்கும் இதே நிலை நேர்ந்தது. 1962இல் பன்னாட்டு நீதிமன்றம் அதனைக் கம்போடியாவுக்கு உரியதெனத் தீர்ப்பளித்தது. பின்னும் பூசல் ஓயவில்லை. 2011இல் கோயிற் கற்களே குண்டடிபட்டன. அக்கோயிலைப் பேணும் பன்னாட்டுக் குழுவில் இந்தியாவும் பங்கு பெற்றுள்ளது. அயல்நாட்டு மலைக்கோயிலுக்கு உதவ முன்வந்த நாம் நம் மலையில் தயங்கி நிற்கின்றோம்.

அளவெடுத்துப் படம் வரைதல் எல்லைத் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டிய பணியன்று. விழுந்த கல் எவ்விடத்தது என்பதை, சுவரில் எஞ்சியுள்ள பொருத்துவாயைக் கொண்டு இன்றும் கண்டறியலாம். அச்சுவரும் விழுந்துவிட்டால் எதனோடு பொருத்திப் பார்ப்பது?