ஜக்கம்மா: கொங்கு நாட்டின் வாக்குத் தெய்வம்

ஜக்கம்மா குறி சொல்லும் தெய்வம். சக்கம்மா, சக்கதேவி என்றும் வழங்குவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜகம்பளத்து நாயக்கர்களுக்கு இவள் குலதெய்வம். குடுகுடுப்பைக்காரர் வீட்டுவாசலில் நின்று வாக்குச் சொல்வதும் இவள் பெயரால்தான். கொங்கு நாட்டில் கம்பளத்தார் நெருங்கி வாழும் உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சிப் பகுதிகளில் இவளுக்கு ஆழ்ந்த செல்வாக்கு உண்டு.

வடமொழியின் யட்சி பிராகிருதத்தில் 'ஜக்கி' என்றாகும். ஜக்கம்மாவை யட்சி மரபோடு சேர்த்துப் பார்ப்பதற்கு இதுவே அடிப்படை. தென்கோடியில் இயக்கி, இசக்கி என வழங்கும் தெய்வங்களும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. அப்படிப் பார்த்தால் ஜக்கம்மா கொங்கு மண்ணுக்கு முற்றிலும் அயலாள் அல்லள். வேறு வழியாக வந்து சேர்ந்த உறவுக்காரி.

அவள் வந்த வழி கால்நடைகளின் வழி. விஜயநகரப் பேரரசு தெற்கே பரவியபோது கம்பளத்தாரும் மாட்டு மந்தைகளோடு இறங்கி வந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் வகுக்கப்பட்டபோது அவர்களில் சிலர் பாளையக்காரர் ஆயினர். உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருந்த தளிப் பாளையம் அவற்றில் ஒன்று. குடிபெயர்ந்த கதையை அவர்கள் இன்றும் சொல்வதுண்டு. பகைவர் துரத்த, எதிரே ஆறு பெருக்கெடுத்து ஓட, இருகரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாயினவாம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல்தொகுதியில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. புங்க மரத்தின்மேல் அவர்கள் வைத்திருக்கும் மதிப்புக்கு இதையே காரணம் காட்டுவர். ஏட்டில் ஏறாத ஒரு நீண்ட பயணத்தை மரம் ஒன்று நினைவில் வைத்திருக்கிறது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

கொங்கில் இம்மக்களின் வழிபாடு மாட்டோடும் இரவோடும் பிணைந்தது. மார்கழி பிறந்தால் உடுமலை வட்டார ஊர்களில் இரவு நேரத்தில் உறுமி முழங்கும். சலகெருது எனப்படும் காளையை நீண்ட மூங்கில் கோல்களைக் காட்டி, தாளத்துக்கேற்ப முன்னும் பின்னும் ஆட வைப்பார்கள். பொங்கலை ஒட்டி அந்தக் காளைகள் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலுக்கு ஓட்டிச் செல்லப்படும். அங்கே சாமி திருமால். மாட்டுப்பொங்கலன்று பிறந்த கன்றை அவருக்கென்று நேர்ந்துவிடும் வழக்கமும் உண்டு. தேவராட்டம் ஆடுவோரும் இதே உறுமிக்குத்தான் கால் வைக்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் காளையின் மூச்சும் உறுமியின் இழுவையும் சேர்ந்து கேட்கும் அந்த இரவு, கொங்கு நாட்டின் பெருஞ்செல்வங்களில் ஒன்று.

வாக்கின் நேரமும் இரவுதான். குடுகுடுப்பைக்காரர் நடுச்சாமத்தில் சுடுகாட்டில் ஜக்கம்மாவை வேண்டிவிட்டு, கோழி கூவுமுன் ஊருக்குள் நுழைவார் என்பது மக்கள் நம்பிக்கை. இடை சிறுத்த சிறு பறை, அதன் முடிச்சிட்ட கயிறு இருபுறமும் அடிக்க எழும் ஒலி, பல வண்ணப் போர்வை, தலைப்பாகை. நல்ல காலம் பிறக்கப் போவதை முதலில் சொல்வார்; எச்சரிக்கை பிறகுதான் வரும். விடிந்தபின் மறுபடி வந்து அரிசியும் பழந்துணியும் பெற்றுச் செல்வார். பாரதியார் 'புதிய கோணங்கி'யில் புதுயுகத்தை அறிவிக்க இந்தக் குரலையே எடுத்துக்கொண்டார்.

தமிழகம் முழுவதும் ஜக்கம்மாவின் பெயர் பரவக் காரணம் பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அவ்வூர்ப் பாளையக்காரன் கட்டபொம்மனின் குலதெய்வம் அவள். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் அவன் கதையை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. போர்த்தெய்வம் என்ற முகம் அதனால் பெரிதாகி, வாக்குத் தெய்வம் என்ற முகம் சற்றே பின்னுக்குப் போனது. எனினும் பழைய முகத்தையே முதன்மையாகக் கொள்வது பொருந்தும்.

வாக்குத் தெய்வம் என்ற வகையில் பண்டைக் கிரேக்கத்தில் இவளோடு ஒப்பிடத்தக்கவள் ஃபீபி என்னும் தெய்வம். லேட்டோவின் தாய், அப்போலோ, ஆர்ட்டெமிஸ் இருவருக்கும் பாட்டி. டெல்ஃபி குறிமேடை கையா, தெமிஸ், ஃபீபி என்று பெண்வழியே வந்து, ஃபீபியின் பிறப்புப் பரிசாக அப்போலோவுக்குப் போனது என்கிறது எஸ்கிலஸ் கி.மு. 458இல் அரங்கேற்றிய நாடகம். ஒளி என்னும் பொருளுடைய அவள் பெயரைப் பிற்காலக் கவிஞர் நிலவுக்கே சூட்டினர். ஜக்கம்மா நிலவுத் தெய்வம் அல்லள். அவளுடைய குறிமேடை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. டெல்ஃபிக்குக் கேட்பவர் மலையேறிப் போக வேண்டியிருந்தது. ஜக்கம்மாவின் வாக்கோ, கேளாதவர் வாசலுக்கும் நடந்து வருகிறது. மந்தையோடு நடந்து வந்த தெய்வத்துக்கு அதுதான் இயல்பு.